கழலாத ஆக்ஸிலும் சவுண்டு அண்ணனும்

சவுண்டு அண்ணனைப் பிடிக்காத ஆள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் ஒரே ஒருவன்தான் கிடைத்திருப்பான். அந்த ஒருவன் நான்.

மற்ற எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். இரும்புக் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கும். எதிர் வரிசை கெமிக்கல் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கும். சம்பள நாளில் மட்டும் சிரிக்கிற எங்கள் கேஷியர் அவரைப் பார்த்தால் மாதக் கடைசியிலும் சிரிப்பார். எங்கள் கேட்டில் படுத்திருந்த நாய்க்குத் தினமும் பொறை பிஸ்கட் வாங்கிப் போட்டவன் நான். அது என்னைப் பார்த்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, வந்தது யார் என்று தெரிந்துகொண்டு, திரும்ப மூடிக்கொள்ளும். ஒரு நாளும் ஒரு துண்டு போடாத சவுண்டு அண்ணன் தெருமுனையில் திரும்பினாலே எழுந்து நின்று உடம்பு முழுக்க ஆட்டும். வயிறு எரியுமா எரியாதா?

இதெல்லாம் இரண்டாயிரங்களின் நடுவில். செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நடந்த காலம். வீடு கட்டுகிற முறுக்குக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவரும் ஃபிட்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

சவுண்டு என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்கவே வேண்டாம். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் கம்பியாக ஓடுகிற இடத்தில், பக்கத்தில் நிற்பவனோடு பேச வேண்டுமென்றாலும் கத்தித்தான் ஆகவேண்டும். நாங்கள் எல்லோரும் உள்ளே கத்துவோம், வெளியே வந்ததும் குரலைக் குறைத்துக்கொள்வோம். அவருக்குக் குறைக்கிற திருகு மட்டும் இல்லாமல் போய்விட்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று "ஒரு டீ, சக்கர கம்மியா!" என்பார். இரண்டு கடை தள்ளி இன்னொருவர் பாய்லரில் இருந்து ஒரு டீ ஆற்ற ஆரம்பிப்பார்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. மெஷின் நின்றுபோனால் நாமெல்லாம் ஸ்பானரைத் தேடுவோம். அவர் மெஷினைத் திட்டுவார். இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, எதிரே நின்று, நேருக்கு நேர் திட்டுவார்.

ஒருமுறை கூலிங் பம்ப் நின்றுவிட்டது. "ஏய், இன்னா மொறைக்கிற? உனுக்கு இன்னா கொற வெச்சேன் நானு? ஆயில் ஊத்தல? கிரீஸ் வெக்கல? தலைதீபாவளிக்கு வந்த மாப்ள மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு குந்திகினு கீறியே, மோதரம் போட்டாத்தான் சுத்துவியா?"

அதற்குள் நாலு டிபார்ட்மென்ட் ஆட்கள் கூடிவிடுவார்கள். சிரிப்பு கூரைத் தகட்டைத் தூக்கும். அந்த நேரத்தில் பம்புக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, மூக்கில் ஆயில் சொட்டச் சொட்ட நட்டு முடுக்கிக்கொண்டிருப்பவன் நான். கடைசி நட்டை முடுக்குவதும் அவர் திட்டி முடிப்பதும் எப்படியோ ஒன்றாக அமையும். பம்ப் ஓடும். கைத்தட்டல் கேட்கும். நான் வெளியே தவழ்ந்து வரும்போது கூட்டம் அவரைத் தோளில் தட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போயிருக்கும்.

அவருக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. நல்ல கைதான். ஆனால் வாய் ஓடும்போது கை தானாக ஓடும், கவனம் வாயோடு போய்விடும். இது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

கேன்டீனில் அக்கா ஒருவர் இருந்தார். "தம்பி, முட்டை தீர்ந்துபோச்சேப்பா" என்று என்னிடம் வருத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்புவார். பின்னால் ஒரு குரல், "அக்கா, இன்னா ஸ்பெசல் இன்னிக்கு?" என்று கேட்கும். அவ்வளவுதான், எங்கிருந்தோ இரண்டு முட்டை வந்து தவாவில் உடையும். கோழி பின்பக்கமே நின்றிருந்ததோ என்னவோ.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டு மிக்ஸி கெட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே பல ஞாயிறுகளைக் கடத்தியிருந்தேன். ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் வந்த சவுண்டு அண்ணன் சும்மா எட்டிப் பார்த்தார். "ஊட்ல யாரு?" என்று வாசலில் அவர் கேட்டதற்கு மாடிக் குடித்தனக்காரர்கள்கூட "நாங்கதான்" என்று பதில் சொன்னார்கள். என் மனைவி காபி கொடுத்துக்கொண்டே மிக்ஸி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மிக்ஸியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னாம்மா கண்ணு, தேங்கா அரைக்க சொன்னா தலைவலிங்கிற, மொளகா அரைக்க சொன்னா முதுகுவலிங்கிற. மாவு மட்டும் அரைப்பியாமே? தோச மேல அம்மாம் ஆசையா?"

என் மனைவி சிரித்துச் சிரித்துச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் மிக்ஸியைப் பிரித்து, மாட்டி, "இனிமே கம்முனு வேலை பாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தட்டில் ஒரு திருகு மிச்சமிருந்தது. மிக்ஸி அதற்குப் பிறகு ஓடவே இல்லை. முன்பு மாவாவது அரைத்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. "பாத்தியா உங்க அண்ணன் லட்சணத்தை?" என்றேன்.

"அதுக்கின்னா? எவ்ளோ கலகலன்னு பேசறாரு. நீங்களும்தான் இருக்கீங்களே. ரிப்பேரும் பண்ண மாட்றீங்க, பேசவும் மாட்றீங்க."

கடைசியில் புது மிக்ஸி வாங்கினேன். அவள் தெரு முழுக்கச் சொன்னது இது: "சவுண்டு அண்ணன் வந்துட்டுப் போன ராசி, ஊட்டுக்குப் புது மிக்ஸி வந்துச்சு!"

அன்றைக்கு எனக்கிருந்த வயிற்றெரிச்சலை ஒரு குழாய் வைத்து இழுத்திருந்தால் எங்கள் ஆலை ஃபர்னஸுக்கு ஒரு ஷிஃப்ட் எண்ணெய் மிச்சமாகியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஃபோர்மேன் ரிட்டையர் ஆனார். அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். யார் என்பதை ஆயுத பூஜை அன்று முதலாளியே சொல்வார் என்றார் மேனேஜர். ஃபோர்மேன் என்றால் தனி மேஜை, தலைக்கு மேல் ஃபேன், எல்லாவற்றுக்கும் மேலாக, பம்புக்குக் கீழே படுக்க வேண்டாம். எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதைவிட அவருக்குப் போய்விடக்கூடாது என்பதில்தான் அதிக ஆசை. என் மனைவியோ, "ரெண்டு பேர்ல யாருக்குக் கெடைச்சாலும் சந்தோஷம்தான்" என்றாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த வண்டி வந்தது.

முதலாளிக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. மணலில் சுற்றிவர வெளிநாட்டு வண்டி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். நாலு சக்கரம், ஆனால் கார் இல்லை. மேலே ஏறிக் கால்களை அகட்டி உட்கார்ந்து, பைக் மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். டெம்போவிலிருந்து இறக்கியபோது எங்கள் ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பைக்கும் டிராக்டரும் காதல் கல்யாணம் செய்து பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. முதலாளியின் மருமகன் அதை ஏரியின் உப்புத் தண்ணீரிலேயே ஓட்டி விளையாடி, கடைசியில் ஒரு மரக்கட்டையில் மோதி, பின் ஆக்ஸிலை வளைத்துவிட்டுத் திரும்ப வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மழைக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் ஈரத்தில் கிடந்திருக்கிறது.

பின்சக்கரங்கள் இரண்டையும் கோத்து நிற்கிற இரும்புத் தண்டுதான் ஆக்ஸில். புது ஆக்ஸில் ஒன்று, பேரிங், மற்ற சாமான்களோடு அட்டைப்பெட்டியில் வந்திருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும்.

"ஆயுத பூஜைக்கு முதலாளி கண்ணு முன்னாடி இது ஆலையை ஒரு ரவுண்டு வரணுமாம்" என்றார் மேனேஜர். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாரு ஓட வைக்கறாங்கன்னு முதலாளி பாப்பாரு" என்று சேர்த்துக்கொண்டார்.

சவுண்டு அண்ணன் அப்போது லீவில் இருந்தார். பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு வேண்டுதல், குடும்பத்தோடு போயிருந்தார். எனக்கு அம்மனே வழிவிட்ட மாதிரி இருந்தது. அன்று மதியமே வண்டியை ஜாக்கியில் தூக்கினேன்.

சக்கரங்களைக் கழற்றினேன். அவை உட்காருகிற இரண்டு ஹப்பையும் உருவினேன். செயின், பல்சக்கரம், பிரேக் தட்டு எல்லாம் ஒழுங்காக வந்தன. இனி ஆக்ஸிலை ஒரு முனையில் தட்டினால் மறு முனையில் உருவிக்கொண்டு வர வேண்டும். அதுதான் முறை. எந்தப் பக்கம் தட்டினால் வரும் என்றும் பார்த்துவிட்டேன். தட்டினேன். அசையவில்லை. ஓங்கித் தட்டினேன். வண்டிதான் அசைந்தது, ஆக்ஸில் அசையவில்லை. உப்பும் துருவும் சேர்ந்து ஆக்ஸிலையும் உள்ளே இருந்த பேரிங்கையும் ஒட்டிப்பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக்கிவிட்டிருந்தன.

டீசலில் ஊற வைத்தேன். கேஸ் டார்ச்சால் சுற்றிலும் சூடு காட்டினேன். ஆக்ஸில் முனை நசுங்கிப் பெருத்தால் பிறகு பேரிங்குக்குள் நுழையாதே என்று பித்தளைக் கட்டையை முட்டுக்கொடுத்துச் சம்மட்டியால் அடித்தேன். திரும்ப டீசல், திரும்பச் சூடு, திரும்ப அடி. மறுநாளும் அதே. சாயங்காலம் என் வலது தோள் எனக்குச் சொந்தமில்லை. வீட்டில் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"சவுண்டு அண்ணன் வந்துடட்டுமே. அவரு ஒரு தட்டு தட்டுனா வந்துடும்."

அதற்கடுத்த நாள், தைல வாசனையோடு, கோபத்தையெல்லாம் சம்மட்டியில் ஏற்றி அடித்தேன். மதியத்துக்குச் சற்று முன்னால், நான் சாக்பீஸால் போட்டு வைத்திருந்த கோடு மெல்ல நகர்ந்தது. நகக்கண் அளவுதான். ஆனால் நகர்ந்தது! உள்ளே பிடி விட்டுவிட்டது. இனி நாலு அடி போதும். சம்மட்டியைக் கீழே வைத்தேன். நாலு பேரைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க உருவ வேண்டும் என்று ஆசை. முகம் கழுவிக்கொண்டு, ஒரு டீயும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனேன்.

டீ கிளாஸோடு திரும்பும்போதே தெரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப் வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு மேலே அந்தக் குரல்.

பெரியபாளையத்திலிருந்து நேராக வந்திருந்தார். மொட்டையடித்த தலையில் சந்தனம், நெற்றியில் அம்மன் குங்குமம். இடுப்பில் கை.

"ஏண்டா, நீ இன்னா பெரிய இவனா? எங்க ஆளு ரெண்டு நாளா உன் காலப் புடிச்சி இஸ்துகினு கீறான், நீ பாட்டுக்கு மாமியா ஊட்ல விருந்துக்கு வந்தவனாட்டம் கெளம்ப மாட்டன்றியே! பழவேற்காட்ல எறா தின்னு தின்னு கொழுப்பாயிடுச்சா? இப்ப கெளம்பறியா, அம்மன் வேப்பெலைய எடுக்கவா?"

"அண்ணே, வேணாம்!" என்று நான் கத்தினேன். கூட்டத்தின் சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவர் சம்மட்டியை எடுத்தார். ஒரே அடி.

ஆக்ஸில் சர்ரென்று உருவிக்கொண்டு மறுபக்கம் பாய்ந்து, காலி டீசல் டிரம்மில் போய் மோதியது. டிரம் போட்ட சத்தத்தில் மேனேஜர் ரூமிலிருந்து வெளியே வந்துவிட்டார். விசில், கைத்தட்டல். யாரோ ஒருவர் அவரைத் தூக்கவே தூக்கிவிட்டார். நான் டீ கிளாஸோடு நின்றேன். தூக்கியவரின் தோள் மேலிருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாங்கடா எனுக்குக் கை தட்டறீங்க? நைனாதான் ரெண்டு நாளா மாரடிச்சி லூஸ் பண்ணி வெச்சான். நான் சும்மா தட்டுனேன், அவ்ளோதான்!"

அவர் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் கூட்டம் என்ன சொன்னது தெரியுமா?

"பாத்தியாடா, அண்ணனுக்கு எவ்ளோ தன்னடக்கம்!"

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன். நெஞ்சு வரைக்கும் சுட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் சேர்ந்தே முடிக்கச் சொன்னார். இடுப்பளவு வண்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, உள்ளே துரு சுரண்டி, புது பேரிங் இறக்கி, கிரீஸ் தடவி, புது ஆக்ஸிலை நுழைத்தோம். அது சத்தமே போடாமல் உள்ளே போனது. பல்சக்கரம், பிரேக் தட்டு, செயின் எல்லாம் ஏறின. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் ஹப்பை மாட்ட வேண்டியதுதான். ஹப்பை ஏற்றி, பெரிய நட்டைப் போட்டு முடுக்கி, நட்டு தானாகக் கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பின்னைச் செருகி அதன் காலை மடக்கிவிட வேண்டும்.

என் பக்கம் யாரும் இல்லை. நான் முடுக்கினேன், பின்னைச் செருகினேன், மடக்கினேன். அவர் பக்கம் ஏழெட்டுப் பேர். பெரியபாளையத்தில் அவருடைய மச்சான் வேண்டுதலுக்கு வேப்பிலையையே உடையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தபோது ஒரு ஆடு பின்னாலேயே வந்து மென்ற கதை ஓடிக்கொண்டிருந்தது. "மூணாவது சுத்துல பாக்கறேன், மச்சான் இடுப்புல வெறும் கயிறுதான் கீது!" கதை முடியும்போது சக்கரமும் மாட்டியாகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். கேட்டில் வாழைமரம். பேண்டு வாத்தியக்காரர்கள் காலையிலிருந்தே ஊதிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குச் சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். முதலாளி பட்டு வேட்டியில் வந்தார், கூடவே அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா. பூசணிக்காய் உடைத்தானதும் மேனேஜர் என்னிடம் வந்து, "முதலாளி ஒர்க்‌ஷாப் பக்கம் வருவாரு, அந்த மூலையில கெடக்கற அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுடு" என்றார். வண்டியை ஓட்டுவது சவுண்டு அண்ணன். குப்பையை எடுப்பது நான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெட்டியைத் தூக்கியதும் அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை விழுந்தது. உள்ளே ஒரு பின்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின் வந்திருந்தது. ஒன்றை நான் போட்டுவிட்டேன். இது அவருடையது.

வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நேரத்தில் என் மனசு ஒரு படம் பார்த்தது. தனி மேஜை, ஃபேன். கூட்டத்துக்கு நடுவில் வாயடைத்து நிற்கிற சவுண்டு அண்ணன். கைத்தட்ட ஒருவரும் இல்லை. இத்தனை நாள் நான் கேட்டது வேறென்ன? ஆனால் மனசு படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் வாசலைத் தாண்டியிருந்தன. அவற்றை நான் ஓடச் சொல்லவில்லை.

வெளியே வந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். வண்டியில் அவர் மட்டும் இல்லை. பின்னால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சவுண்டு அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தபடி முதலாளி. வண்டி ஆபீஸைச் சுற்றிப் பழைய இரும்பு கொட்டுகிற சரிவுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் இறங்கும்போது சக்கரம் கழன்றால் இரண்டு பேரும் இரும்புக் குவியலில்தான் போய் விழுவார்கள்.

"அண்ணே! நிறுத்துங்க! பின்னு!"

பேண்டு இன்னும் உற்சாகமாக ஊதியது. ஆட்கள் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். சந்தோஷத்தில் ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பாய்லர் ஹவுஸ் பின்பக்கமாகக் குறுக்கே ஓடி, சரிவு தொடங்குகிற இடத்தில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு எதிரே நின்றேன்.

"ஏய் நைனா, வழி வுடு! எருமையாட்டம் நிக்கிற!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை அழுத்தினார். வண்டி என் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது. முதலாளியின் மூக்கு சவுண்டு அண்ணனின் மொட்டையில் மோதியது.

நான் பேச வாயைத் திறப்பதற்குள், வலதுபக்கப் பின்சக்கரம் ஒருதரம் ஆடியது. பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை விட்டுக் கிளம்பியது. எங்களைத் தாண்டி, சரிவில் தனியாக, எலுமிச்சைச் சாறு ஒட்டிய கோலத்தோடு உருண்டு போய், இரும்புக் குவியலில் மோதி எகிறி விழுந்தது. வண்டி ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டது. முதலாளி மேலேயே இருந்தார், ஆனால் சாய்ந்து இருந்தார்.

பேண்டு நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். மேனேஜர் முகம் விபூதி மாதிரி வெளுத்துவிட்டது. என் கையில் பின். அதை முதலாளி பார்த்தார். அதை சவுண்டு அண்ணனும் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

அப்புறம் அவர் இடுப்பில் கை வைத்தார்.

"முதலாளி, பயப்படாதீங்க. இது டெஸ்ட்டு."

"டெஸ்ட்டா?"

"ஃபோர்மேன் டெஸ்ட்டு. வேணும்னேதான் அந்தப் பின்னைப் போடாம வுட்டேன். நைனா கண்டுபுடிக்கிறானான்னு பாத்தேன். கண்டுபுடிச்சிட்டான்! உசுரக் குடுத்து ஓடி வந்தான் பாருங்க. இந்த மாதிரி ஆளத்தான் ஃபோர்மேனா போடணும். என்னியக் கேட்டா, வேற ஆளே இல்ல."

"அடப்பாவி, என்னை உக்கார வெச்சா டெஸ்ட் பண்ணுவ?"

"நீங்க ஏறுவீங்கன்னு எனுக்கு இன்னா தெரியும், முதலாளி? ஏறிக் குந்தினப்புறம் எறங்குங்கன்னு சொன்னா மருவாதியா இருக்குமா?"

எங்களைக் காப்பாற்றியது முதலாளியின் மனைவி. சாய்ந்த வண்டியில், கோணல் மாலையோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து அந்தம்மா குபீரென்று சிரித்துவிட்டார். அம்மா சிரித்த பிறகு முதலாளி என்ன செய்ய முடியும்? அவரும் சிரித்தார். ஆலையே சிரித்தது.

"சரிப்பா, இவனையே ஃபோர்மேனா போடுங்க" என்று என்னைக் காட்டினார் முதலாளி. "இவனுக்காவது கண்ணு தெரியுது."

இப்படியாக நான் ஃபோர்மேன் ஆனேன். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். எனக்கு இல்லை. சவுண்டு அண்ணனுக்கு. "உனுக்கு வரவேண்டிய பதவியைத் தூக்கிக் குடுத்துட்டியேண்ணே!" கேன்டீன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் சொன்னபோது என் மனைவி முதலில் கேட்டது, "அண்ணனுக்கு அடி ஒண்ணும் படலியே?" அடுத்துச் சொன்னது, "எவ்ளோ பெரிய மனசு பாருங்க." பதவி என்னுடையது. பெயர் அவருடையது. அந்த ஃபேன் காற்று எனக்குக் கடைசிவரை சூடாகத்தான் வீசியது.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை நான் வீட்டிலும் சொல்லவில்லை.

பூஜை முடிந்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு ரயில் ஏற கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தேன். பிளாட்பாரக் கோடியில், ஆள் இல்லாத பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்டவாளத்தைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

"இன்னாண்ணே?" என்று குனிந்தேன்.

"மறந்துட்டேன் நைனா. ஆட்டுக் கதைய சொல்லிகினே இருந்தேனா... பின்னு போட மறந்துட்டேன்."

மொட்டைத் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனுஷனுக்கு எதுனா ஆயிருந்தா? நீ மட்டும் குறுக்க வரலன்னா..."

"அதான் ஒண்ணும் ஆவலியே. வுடுங்கண்ணே."

"ஒங்கிட்ட பொய் சொல்ல முடியாது. அதான் சொன்னேன்."

இவர் இப்படித் தலை கவிழ்ந்து உட்காருவதைப் பார்க்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! கண்ணெதிரே கிடைத்தபோது பார்க்கவே முடியவில்லை. பொரிகடலையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டினேன். பாதி கீழே சிந்தியது. மீதியை மென்றார்.

ரயில் வந்தது. ஏறியதும் பெட்டிக்குள் இருந்து குரல்கள். "அண்ணே! இன்னாண்ணே, முதலாளியையே ஏத்தி வெச்சி டெஸ்ட் பண்ணிட்டியாமே? சொல்லுண்ணே!"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று அனுமதி கேட்கிற பார்வை, அதை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தார். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் வார்த்தை தட்டி நின்றுவிட்டது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னாடி முதலாளி வேட்டிய மடிச்சிக் கட்டுனாரே, அத்த சொல்லலியே" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆங்! அத்த சொல்ல மறந்துட்டேன் பாரு!" என்று பிடித்துக்கொண்டார். பட்டு வேட்டி வந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. நான் கைகளை விரித்துக்கொண்டு நின்றது வந்தது. அவர் சொல்லக் கேட்டபோது நான் நிஜத்தைவிட உயரமாக இருந்தேன். சக்கரம் பழவேற்காடு வரைக்கும் உருண்டு போனது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அடுத்த பெட்டியில் இருந்தவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

நான் இறங்க வேண்டிய கவரைப்பேட்டை வந்தது. ரயில் நின்றது, கிளம்பியது. கதை இன்னும் முடியவில்லை. நான் இறங்கவில்லை.